ஆழ்கடலுக்கு ஏற்ற படகு

கரையோரத் தொழிலுக்கும் ஆழ்கடல் தொழிலுக்கும் உள்ள முதல் வேறுபாடு தூரம். விடியலில் வலை வைத்துப் பிற்பகலில் கரை சேரும் நாட்டுப்படகு, வானம் கறுத்தால் ஓரிரு மணி நேரத்தில் முகத்துவாரத்துக்குள் புகுந்துவிடும். 200 கடல் மைல் தொலைவில், அதாவது கரையிலிருந்து 370 கிலோமீட்டரில், சூரைக்கு ஆயிரங்கால் தூண்டில் விட்டிருக்கும் படகுக்கு அந்த வசதி கிடையாது. மணிக்கு 8 கடல் மைல் ஓடினாலும் கரை சேர 25 மணி நேரம் வேண்டும். 2017 நவம்பர் கடைசியில் குமரிக்கடலை ஒட்டி உருவான ஒக்கி, ஒரு நாளுக்குள் தாழ்வு மண்டலத்திலிருந்து புயலாக வலுத்தது. குமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களிலிருந்து சுறாவும் சூரையும் தேடி வாரக்கணக்கில் கடலில் தங்கும் படகுகள் பல அப்போது வெகுதொலைவில் இருந்தன. தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கான மீனவர்கள் திரும்பவில்லை.

ஆகவே ஆழ்கடல் படகைத் தேர்வு செய்பவர் முதலில் கேட்க வேண்டியது, ஓடித் தப்ப முடியாத இடத்தில் அது எவ்வளவு நேரம் நிமிர்ந்து மிதக்கும் என்பதைத்தான். மீன் கொள்ளளவு, வேகம், தங்கும் வசதி எல்லாம் அதற்குப் பிறகு. நடைமுறையில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. வாங்குவோர் முதலில் விசாரிப்பது எஞ்சினின் குதிரைத்திறனை. படகின் நிலைத்தன்மைக் கணக்கைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை.

சாய்ந்த படகு ஏன் நிமிர்கிறது

மிதக்கும் படகின் மேல் இரண்டு விசைகள் எப்போதும் செயல்படுகின்றன. மொத்த எடை ஈர்ப்பு மையத்தின் வழியாகக் கீழே இழுக்கிறது. நீரின் தள்ளுவிசை, படகின் மூழ்கிய பகுதியின் மையமான மிதப்பு மையத்தின் வழியாக மேலே தள்ளுகிறது. படகு நேராக நிற்கையில் இரண்டும் ஒரே செங்குத்துக் கோட்டில் அமைகின்றன. காற்றோ அலையோ படகைச் சாய்த்தால் ஒரு பக்கம் கூடுதலாக அமிழும். மிதப்பு மையமும் அந்தப் பக்கம் நகரும். இப்போது இரண்டு விசைகளும் ஒரே கோட்டில் இல்லை. அந்த விலகல்தான் படகைத் திருப்பி நிமிர்த்தும் திருகுவிசையைத் தருகிறது.

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை எவ்வளவு சாய்த்தாலும் எழுந்து நிற்கிறது. அதற்கு அடியிலுள்ள கனமே காரணம். மீன்பிடிப் படகு அப்படிப்பட்டதல்ல. பெரும்பாலான படகுகளில் ஈர்ப்பு மையம் மிதப்பு மையத்துக்கு மேலேதான் இருக்கும். அவற்றை நிமிர்த்துவது அடியிலுள்ள கனத்தைவிட உடலின் அகலம். அகலமான படகில் சிறிய சாய்வுக்கே மிதப்பு மையம் வெகுவாக நகர்ந்துவிடும். ஆனால் அந்த உதவிக்கு எல்லை உண்டு: ஒரு குறிப்பிட்ட கோணத்தைத் தாண்டினால் நிமிர்த்தும் விசை குறையத் தொடங்கிப் பின்னர் முழுவதும் மறையும். அதன் பிறகு படகு எழாது.

பிரெஞ்சு அறிஞர் பியேர் பூகேர் 1746-இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஓர் அளவுகோலைத் தந்தார். படகு சிறிது சாய்ந்திருக்கையில் மிதப்பு மையத்திலிருந்து மேல்நோக்கி வரையும் செங்குத்துக் கோடு, படகின் நடுக்கோட்டைச் சந்திக்கும் புள்ளிக்கு அவர் மெட்டாசென்டர் என்று பெயரிட்டார். ஈர்ப்பு மையத்துக்கும் அந்தப் புள்ளிக்கும் இடையிலுள்ள உயரம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு உறுதியாகப் படகு நிமிரும். ஒற்றைத் தளம் கொண்ட மீன்பிடிக் கப்பல்களுக்கு இந்த உயரம் குறைந்தது 0.35 மீட்டர் இருக்க வேண்டும் என்பது பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் அளவுகோல். அதே விதி, நிமிர்த்தும் விசை தன் உச்சத்தை 25 டிகிரிக்கு முன்பே எட்டிவிடக் கூடாது என்றும் சொல்கிறது.

இந்த உயரத்தைத் துறைமுகத்திலேயே ஏறக்குறைய அளந்துவிடலாம். காற்றில்லாத நேரத்தில், நீர் சலனமற்ற இடத்தில், கட்டுக்கயிறுகளைத் தளர்த்திவிட வேண்டும். நான்கைந்து பேர் தளத்தில் ஒன்றாக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நடந்து படகை ஆட்டிவிட்டு, நடுவில் அசையாமல் நிற்க வேண்டும். ஒருவர் கடிகாரத்தோடு, இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்குப் போய் மீண்டும் இடக்கோடிக்கு வரும் முழு ஆட்டங்கள் நான்கைந்தை எண்ணிச் சராசரி எடுக்கிறார். ஓர் ஆட்டத்துக்கு ஆகும் நொடிகள், படகின் அகலத்தை மீட்டரில் சொல்லும் எண்ணைவிடக் குறைவாக இருந்தால் ஆரம்ப நிலைத்தன்மை போதுமானது என்று கொள்ளலாம். 6 மீட்டர் அகலப் படகு 6 நொடியில் ஓர் ஆட்டம் முடித்தால் மெட்டாசென்டர் உயரம் ஏறத்தாழ 0.64 மீட்டர். அதே படகு 8 நொடி எடுத்தால் அது 0.36 மீட்டருக்கு இறங்கிவிட்டது என்று பொருள். அதாவது விதியின் விளிம்பு.

இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மெதுவாக, சொகுசாக ஆடும் படகு தொழிலாளிகளுக்குப் பிடிக்கிறது. வெடுக்கென்று நிமிரும் படகில் நிற்பதே சிரமம். மிக விரைவான ஆட்டம் உடம்பைச் சோர்வடையச் செய்யும் என்பதும் உண்மை. ஆனால் சென்ற ஆண்டு வெடுக்கென்று நிமிர்ந்த படகு இந்த ஆண்டு சோம்பலாக ஆடுகிறது என்றால் அது நல்ல மாற்றமல்ல. மேலே எங்கோ எடை கூடியிருக்கிறது அல்லது அடியில் நீர் சேர்ந்திருக்கிறது.

எடை கூடும் விதம் மிக எளிது. 60 டன் எடையுள்ள படகில், ஈர்ப்பு மையத்துக்கு 3 மீட்டர் மேலே 2 டன் எடையில் ஒரு கூடுதல் அறை கட்டினால், ஈர்ப்பு மையம் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் உயரும். 0.36 மீட்டர் மட்டுமே கையிருப்புள்ள படகில் இது நான்கில் ஒரு பங்குக்கும் மேல். கேபின் கூரையில் குடிநீர் டிரம், உதிரி வலை, கயிற்றுச் சுருள் ஆகியவற்றை அடுக்குவதும் இதே விளைவைத்தான் தருகிறது. கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் வடிவமைத்து 2016-இல் நீரில் இறங்கிய 19.75 மீட்டர் நீளமுள்ள சாகர் ஹரிதா என்ற மீன்பிடிப் படகில் உடல் எஃகால் ஆனது. தளத்துக்கு மேலுள்ள கேபினும் அறைகளும் எடை குறைந்த கண்ணாடியிழையால் ஆனவை. புதுப்படகு கட்டுவோர் பின்பற்ற வேண்டிய வழி இது.

நீருக்கு மேலே எவ்வளவு

நீர்மட்டத்திலிருந்து தளத்தின் விளிம்பு வரையுள்ள உயரத்துக்கு ஃப்ரீபோர்டு என்று பெயர். சாயும் படகில் தளவிளிம்பு நீரில் அமிழும் வரைதான் அகலத்தின் உதவி முழுமையாகக் கிடைக்கும். அமிழ்ந்துவிட்டால் நிமிர்த்தும் விசை வேகமாகச் சரியும். எனவே, அகலமாக இருந்தும் ஃப்ரீபோர்டு குறைந்த படகு, சிறு சாய்வில் மிக உறுதியாகத் தோன்றும்; பெரிய சாய்வில் திடீரென்று கைவிடும்.

இந்த உண்மையை உலகம் கற்றுக்கொண்டது 1870 செப்டம்பர் 7-ஆம் நாள் நள்ளிரவுக்குச் சற்றுப் பின். ஸ்பெயினின் ஃபினிஸ்டர் முனைக்கு அப்பால் கேப்டன் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் பலத்த காற்றில் கவிழ்ந்தது. அதை வடிவமைத்த கூப்பர் கோல்ஸ் உட்பட ஏறக்குறைய 480 பேர் மாண்டனர். பிழைத்தவர்கள் 18 பேர். வடிவமைப்பின்படி 8 அடி இருந்திருக்க வேண்டிய ஃப்ரீபோர்டு, கட்டும்போது கூடிய எடையால் ஆறரை அடியாகக் குறைந்திருந்தது. அதே அணியில், அதே காற்றில், 14 அடி ஃப்ரீபோர்டு கொண்ட மோனார்க் கப்பல் பத்திரமாக இருந்தது. கேப்டனின் நிமிர்த்தும் விசை 21 டிகிரி சாய்விலேயே உச்சத்தை எட்டிக் குறையத் தொடங்கிவிடும். மோனார்க்குக்கு அந்த உச்சம் 40 டிகிரியில். பாய்மரமும் பீரங்கிக் கோபுரமும் சுமந்த இரும்புக் கப்பலுக்கும் சூரைப் படகுக்கும் தோற்றத்தில் உறவில்லை. ஆனால் திட்டமிட்டதைவிட எடை கூடி, நீருக்கு மேலுள்ள உயரம் குறைந்து, அதைக் கண்டும் கடலுக்குப் போன கதை இன்றைய மீன்பிடித் துறைமுகங்களிலும் நடக்கிறது.

படகை வெறுமையாகக் கட்டியிருக்கும்போது பார்த்து ஃப்ரீபோர்டை முடிவு செய்யக் கூடாது. விதிகள் நான்கு நிலைகளில் கணக்குப் பார்க்கச் சொல்கின்றன: டீசலும் ஐஸும் நிரம்பிப் புறப்படும் நிலை, மீன்பிடிக்கும் இடத்திலிருந்து முழுச் சுமையோடு கிளம்பும் நிலை, முழு மீனோடும் 10 விழுக்காடு எரிபொருளோடும் கரை சேரும் நிலை, மீன் குறைவாகவும் எரிபொருள் 10 விழுக்காடாகவும் உள்ள நிலை. பெரும்பாலும் மூன்றாவதுதான் ஆபத்தானது. அடித்தொட்டிகளில் இருந்த டீசல் தீர்ந்திருக்கும். அந்த எடை போய்விட்டது. மீன் அறை நிரம்பி, மிஞ்சிய மீன் தளத்தின் மேலேயே கிடக்கும். பாடு நன்றாகக் கிடைத்த மகிழ்ச்சியில் திரும்பும் படகு, புறப்பட்ட படகைவிட எளிதில் கவிழக்கூடியது.

தூக்குமரத்தில் தொங்கும் சுமை இன்னொரு பொறி. வலையோடு ஒரு டன் மீன் கப்பியில் தொங்கும்போது, அந்த ஒரு டன்னும் கப்பி இருக்கும் உயரத்தில் வைக்கப்பட்டதாகவே படகு உணர்கிறது. மீன் தளத்தைத் தொடும் வரை அப்படித்தான். உயரமான தூக்குமரமும் குறுகிய உடலும் சேர்ந்த படகைத் தவிர்க்க இது ஒன்றே போதிய காரணம்.

உள்ளே புகும் நீர்

கவிழ்ந்த படகுகளில் பெரும்பாலானவற்றைக் கவிழ்த்தது வெளியிலிருந்த அலை என்று நினைப்பது இயல்பு. உள்ளே தாராளமாக ஓடிய நீரின் பங்கைக் கணக்கிட்டால் வியப்பாக இருக்கும். 5 மீட்டர் அகலமும் 4 மீட்டர் நீளமும் உள்ள மீன் அறையில் கணுக்கால் அளவு நீர் தேங்கியிருப்பதாகக் கொள்ளலாம். படகு சாய்ந்தவுடன் அந்த நீர் முழுவதும் தாழ்ந்த பக்கம் ஓடிவிடும். நிமிர வேண்டிய நேரத்தில் நிமிரவிடாது. 60 டன் படகில் இதனால் இழக்கும் மெட்டாசென்டர் உயரம் ஏறத்தாழ 0.7 மீட்டர். இருப்பதே 0.64 என்றால் கையிருப்பு முழுவதும் போய்விட்டது. நீரின் எடை இங்கே முக்கியமல்ல. அது ஓடுவதற்குக் கிடைத்த அகலம்தான் முக்கியம்.

இழப்பு அகலத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. அதனால் மருந்தும் எளிது. அறையின் நடுவே நீளவாக்கில் ஒரே ஒரு தடுப்புச் சுவர் வைத்தால் இழப்பு நான்கில் ஒரு பங்காகக் குறையும். டீசல் தொட்டி, குடிநீர்த் தொட்டி, மீன் அறை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். படகு பார்க்கப் போகிறவர் மீன் அறையில் இறங்கி, நெடுக்குத் தடுப்புகள் இருக்கின்றனவா, கழற்றி எறியப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பழைய படகுகளில் அவை பெரும்பாலும் கழற்றப்பட்டே கிடக்கும்.

குறுக்குச் சுவர்களின் வேலை வேறு. படகின் முன்முனையான அணியத்துக்குப் பின்னால் ஒன்று, மீன் அறைக்கும் எஞ்சின் அறைக்கும் நடுவில் ஒன்று, எஞ்சின் அறைக்குப் பின்னால் ஒன்று என நீர்புகாச் சுவர்கள் இருந்தால், ஓர் அறையில் ஓட்டை விழுந்தாலும் மற்ற அறைகள் படகைத் தாங்கும். குழாயோ மின்கம்பியோ போவதற்காக அந்தச் சுவரில் போட்ட துளை அடைக்கப்படாமல் இருந்தால் சுவர் இருந்தும் இல்லாததுதான். நீர் பெரும்பாலும் புகுவது பெரிய ஓட்டையால் அல்ல. விசிறித்தண்டு உடலைவிட்டு வெளியேறும் இடத்துக் கசிவு, எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்க்குழாயின் பழுதான ரப்பர், மூடாத மூடி. எஞ்சின் அறையின் அடியில் நீர் சேர்ந்தால் ஒலியெழுப்பும் கருவியின் விலை அற்பம். எஞ்சினால் ஓடும் பம்போடு, கையால் இயக்கும் பம்பு ஒன்றும் கட்டாயம் வேண்டும். எஞ்சின் நீரில் மூழ்கிய பிறகு பயன்படுவது அதுதான்.

தளத்தில் ஏறும் அலைநீர் உடனே வடிவதற்குப் பக்கச்சுவரின் அடியில் வடிகால் வாய்கள் வேண்டும். மீன் வழுக்கி விழாமலிருக்க அவற்றைப் பலகை வைத்து அடைப்பது பல துறைமுகங்களில் வழக்கமாகிவிட்டது. ஒரு கன மீட்டர் கடல்நீரின் எடை ஒரு டன்னுக்கும் அதிகம். தளத்தில் முழங்கால் அளவு நீர் தேங்கினால் எத்தனை டன் என்று கணக்கிட்டுப் பார்த்தால் யாரும் அந்தப் பலகையை வைக்கமாட்டார்கள்.

தளமில்லாத திறந்த கண்ணாடியிழைப் படகுகளின் கதை வேறு. அவற்றில் நீர் நிரம்புவதைத் தடுக்க முடியாது. நிரம்பிய பின்னும் மிதக்கும்படி, இருக்கைகளுக்கு அடியிலும் பக்கங்களிலும் நுரைப் பொருள் அடைத்திருக்க வேண்டும். கட்டுமரம் இத்தனை நூற்றாண்டுகள் நிலைத்ததற்கு, அது மூழ்கவே முடியாது என்பதும் ஒரு காரணம். அந்தக் குணத்தை இழந்த திறந்த படகைக் கரை மறையும் தூரத்துக்குக் கொண்டுபோகக் கூடாது.

நீளமும் அலையும் வேகமும்

ஆழ்கடல் அலையின் நீளம் அதன் கால இடைவெளியைப் பொறுத்தது. 6 நொடிக்கு ஒரு முறை வரும் காற்றலையின் நீளம் 56 மீட்டர். தொலைதூரத்துப் புயலிலிருந்து வரும் 10 நொடி ஓங்கலின் நீளம் 156 மீட்டர். 20 மீட்டர் படகு நீண்ட ஓங்கலில் ஏறி இறங்கிவிடும். குறுகிய, செங்குத்தான, முகடு உடையும் காற்றலைதான் அதைச் சோதிக்கிறது. படகின் ஆட்ட நேரமும் அலை வந்து மோதும் நேரமும் ஒன்றாகிவிட்டால் ஒவ்வோர் அலையும் சாய்வைக் கூட்டிக்கொண்டே போகும். அப்போது வேகத்தையோ திசையையோ மாற்றியே ஆக வேண்டும்.

பின்னாலிருந்து வரும் அலை இன்னும் தந்திரமானது. படகின் நடுப்பகுதி முகட்டின் மேல் நிற்க, அணியமும் பின்புறமும் பள்ளத்தின் மேல் தொங்கும் சில நொடிகளில், நீரில் தோயும் அகலம் சுருங்கி நிலைத்தன்மை குறைகிறது. கூரிய அணியமும் தட்டையான அகன்ற பின்புறமும் உள்ள படகில் அலை பின்புறத்தைத் தூக்கி, அணியத்தை நீரில் குத்தி, படகைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். உயர்ந்து விரிந்த அணியம், பின்பகுதியில் ஆழமாக இறங்கும் அடிக்கட்டையான ஏரா, போதிய பரப்புள்ள சுக்கான் ஆகிய மூன்றும் இதற்கு எதிரான காப்பு.

பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைந்த ஆழம் உள்ளது. அங்கே ஒரு நாள் தொழிலுக்கென்று கட்டிய இழுவைப் படகை அப்படியே வங்கக்கடலின் நடுவுக்குக் கொண்டுபோவது சரியான மாற்றமல்ல. 2017-இல் தொடங்கிய அரசுத் திட்டம், பழைய இழுவைப் படகை ஒப்படைத்துவிட்டுத் தூண்டிலும் செவுள்வலையும் பயன்படுத்தும் புதிய ஆழ்கடல் படகைக் கட்டச் சொன்னதன் அறிவியல் நியாயம் இதுவே. தொடக்கத்தில் ஒரு படகின் மதிப்பு 80 லட்சம் ரூபாய் என்றும், அதில் 70 விழுக்காடு மானியம் என்றும் வகுக்கப்பட்டது.

நீரைத் தள்ளிக்கொண்டு போகும் உடலுக்கு வேக எல்லை உண்டு. நீர்மட்ட நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.43-ஆல் பெருக்கினால் அந்த எல்லை மணிக்கு எத்தனை கடல் மைல் என்று கிடைக்கும். 16 மீட்டர் நீளத்துக்கு அது 9.7. அதை நெருங்க நெருங்கப் படகு தானே எழுப்பிய அலையின் மேல் ஏறப் போராடுகிறது. தேவைப்படும் திறன் ஏறத்தாழ வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுவதால், 7-இலிருந்து 8 கடல் மைலுக்குப் போகவே ஒன்றரை மடங்கு திறன் வேண்டும். எல்லைக்கு அருகே இதைவிடவும் மோசம். எனவே எஞ்சினை இரட்டிப்பாக்குவதால் கிடைக்கும் கூடுதல் வேகம் குறைவு, கூடும் டீசல் செலவு அதிகம். டீசல் எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ 0.2 லிட்டர் எரிக்கும். 100 குதிரைத்திறனைத் தொடர்ந்து எடுத்தால் ஒரு நாளைக்கு 480 லிட்டர். கையிருப்பில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு எதிர்பாராததற்கு என்று பிரிக்கும் பழைய வழக்கம் இன்றும் சரியானது. லாரி எஞ்சினைக் கடலுக்கு மாற்றியமைத்தது மலிவு. ஆனால் உப்பு நீரால் குளிர்விக்கப்படும் பாகங்கள் விரைவில் அரிக்கப்படும். உதிரிப் பாகம் எந்தத் துறைமுகத்திலும் கிடைக்கிறது என்பது அதன் பெரிய பலம்.

உடல் எதனால் ஆனது என்பதில் ஒரே விடை இல்லை. மரப்படகு ஓடாவிகளின் கையில் எளிதாகச் சீராகும். ஆனால் பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பத்து தளர்ந்தால் கசியும், கப்பல் புழு துளைக்கும். எஃகு அடி தாங்கும், வெல்டிங்கில் சீராகும். துருவைத் தடுக்கத் துத்தநாகத் துண்டுகளை நேரத்துக்கு மாற்ற வேண்டும், தகட்டின் கனத்தைக் கருவியால் அளக்க வேண்டும். கண்ணாடியிழை அழுகாது, துருப்பிடிக்காது. அதன் குறை கண்ணுக்குத் தெரியாது. சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால், அடுக்குகள் பிரிந்த இடத்தில் மட்டும் ஒலி மந்தமாகும். பழைய கண்ணாடியிழைப் படகை இந்தத் தட்டல் சோதனை இல்லாமல் வாங்கக் கூடாது.

மீன் அறைக்கு நல்ல வெப்பக்காப்பு பாதுகாப்போடும் தொடர்புடையது. ஒரு கிலோ ஐஸ் உருக 80 கிலோகலோரி வெப்பம் எடுக்கும். காப்பு சரியில்லாவிட்டால் அந்த ஐஸ் மீனைக் குளிர்விப்பதற்குப் பதிலாகக் கடலின் வெப்பத்தோடு போராடிக் கரையும். ஐஸ் தீர்ந்துவிடுமே என்ற அவசரத்தில் தவறான வானிலையில் கரைக்கு ஓடுவதும், உருகிய நீர் அறையின் அடியில் தேங்குவதும் அதன் தொடர்ச்சி.

கப்பல்களின் பாதையில் இரவில் தூண்டில் விட்டு மிதக்கும் மரப்படகும் கண்ணாடியிழைப் படகும் ரேடாரில் சரியாகத் தெரிவதில்லை. உயரத்தில் கட்டிய உலோக ரேடார் பிரதிபலிப்பான், தானியங்கி அடையாளக் கருவி, 16-ஆம் சேனலில் கேட்டுக்கொண்டிருக்கும் வி.எச்.எஃப். வானொலி, செயற்கைக்கோள் வழியே இருக்குமிடத்தைச் சொல்லும் ஆபத்து எச்சரிக்கைக் கருவி, ஆளுக்கொரு மிதவை அங்கி, எல்லோருக்கும் போதிய உயிர்காக்கும் மிதவை ஆகியவை படகின் விலையிலேயே சேர்ந்தவை. கடலோரக் காவல்படையை 1554 என்ற எண்ணில் அழைக்கலாம்; ஆனால் கைப்பேசிக் கோபுரத்தின் எல்லை கரையிலிருந்து சில கடல் மைல்களிலேயே முடிந்துவிடும்.

கட்டி முடித்த படகில் தெரிந்த எடைகளைத் தளத்தின் குறுக்கே நகர்த்திச் சாய்வை அளந்து, ஈர்ப்பு மையத்தைக் கணக்கிடுவது சாய்வுச் சோதனை. அதன் முடிவும் நான்கு சுமை நிலைகளின் கணக்கும் அடங்கிய ஏட்டைக் கட்டுமான நிறுவனத்திடம் கேட்டுப் பெற வேண்டும். பிறகு அறை கட்டினாலோ, எஞ்சினை மாற்றினாலோ, புதிய சுருள்பொறி பொருத்தினாலோ சோதனையை மீண்டும் செய்ய வேண்டும். பணம் போதவில்லை என்றால் முதலில் குதிரைத்திறனைக் குறைக்கலாம், அடுத்து மேலறையை விட்டுவிடலாம், அதற்கடுத்து நீளத்தையே ஓரிரு மீட்டர் குறைத்துத் தொழில் செய்யும் தூரத்தையும் குறைத்துக்கொள்ளலாம். ஃப்ரீபோர்டிலும் நீர்புகாச் சுவரிலும் உயிர்காக்கும் மிதவையிலும் கை வைக்கக் கூடாது.